ஊர் கூடிக் காத்த பசுமை: ‘ஹிமா’வின் வரலாறு

எல்லாப் புகழும் ஏக இறைவனுக்கே!

  

ஆண்டறிக்கையுடன் வெளிவரும் இம்மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு நிர்வாகத்தார் ஆண்டுதோறும் நம்மைப் பணிப்பது வழக்கம். நபித்தோழர்களின் வாழ்வையும் இமாம்களின் சரிதையையும் இதுவரை எழுதி வந்தோம். இவ்வாண்டு ஒரு சொல்லின் வரலாற்றை எழுத எண்ணினோம். அச்சொல் ‘ஹிமா’. ‘காக்கப்பட்ட இடம்’ என்பது அதன் பொருள்.

இதற்கொரு காரணம் உண்டு. நமது மையவாடியின் மேற்புறத்தில் வேம்பும் பூவரசும் புங்கும் அடர்ந்து நிற்கும் காலி மனையைத் திருத்தி, அங்கு வாடகைக்குக் கடைகள் கட்டலாம் என்ற ஆலோசனை சென்ற பொதுக்குழுவில் வந்ததையும், நீண்ட விவாதத்திற்குப் பின் முடிவு அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பட்டதையும் தாங்கள் அறிவீர்கள். பள்ளிக்கு வருவாய் தேடுவது பாராட்டுக்குரிய எண்ணமே. மதரஸா உஸ்தாதுகளின் சம்பளமும் மின்கட்டணமும் வானிலிருந்து இறங்குவதில்லை. ஆயினும், கை உயர்த்துவதற்கு முன் நாமனைவரும் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு ஒன்று உள்ளது.

அதைக் கூறுமுன் நமது தவறொன்றை ஒப்புக்கொள்வது முறை. பள்ளி முற்றத்தில் ஹவுளின் அருகே நின்ற வேப்பமரத்தின் சருகு தண்ணீரில் விழுகிறது என்று முதன்முதலில் முறையிட்டவர் நாமேதான். மரம் வெட்டப்பட்டது, தரைக்குச் சிமெண்ட் பூசப்பட்டது, தண்ணீரும் தெளிந்தது. அடுத்த கோடையில், லுஹர் தொழுகைக்கு வந்த முதியவர்கள் வெறுங்காலுடன் அந்த முற்றத்தைக் கடக்க முடியாமல் நிழல் தேடி நின்றதைக் கண்டோம். அஸருக்குப் பின் அந்த மரத்தடியில் அமர்ந்து ஊர் நலம் பேசிக்கொண்டிருந்த பெரியவர்கள், இப்போது தொழுகை முடிந்ததும் தத்தம் வீடுகளுக்குச் சென்றுவிடுகின்றனர். ஒரு மரம் போனது. அதனுடன் ஒரு சபையும் கலைந்தது. அந்த வருத்தமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

காய்ச்சல் ஊர் நலமுற்ற கதை

ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த முஹாஜிர்களை அன்ஸார்களின் அன்பு வரவேற்றது. கூடவே காய்ச்சலும் வரவேற்றது. நோய் மிகுந்த ஊராகவே மதீனா அந்நாளில் இருந்தது என்றும், புத்ஹான் ஓடையில் கெட்ட நீர் ஓடிற்று என்றும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. அபூபக்ர் (ரலி) அவர்களும் பிலால் (ரலி) அவர்களும் காய்ச்சலில் வீழ்ந்தனர்.

நோய்ப் படுக்கையில் பிலால் (ரலி) அவர்கள் எதை நினைத்து ஏங்கினார்கள் என்பது சிந்திக்கத்தக்கது. மக்காவின் பள்ளத்தாக்கில் முளைக்கும் இத்கிர் புல்லை நினைத்தார்கள். மஜன்னாவின் தண்ணீரை நினைத்தார்கள். ஷாமா, தஃபீல் என்னும் குன்றுகளை இனிக் காண்போமா என்று ஏங்கினார்கள். அவர்களைச் சுடுமணலில் கிடத்தி வதைத்த ஊர்தான் அது. அவ்வூர் மனிதர்கள் அவர்களுக்குக் கொடுமையே செய்தனர். ஆயினும் அவ்வூரின் புல்லும் நீரும் குன்றும் அவர்களின் உள்ளத்தை விட்டு அகலவில்லை. மனிதன் மண்ணோடும் மரத்தோடும் கொண்ட பிணைப்பு அத்தகையது. அது அறுபடும்போது உடலுடன் உள்ளமும் நோயுறுகிறது.

இந்நிலையைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், மதீனாவை மக்காவைப் போல நேசத்திற்குரியதாகவும் ஆரோக்கியமான ஊராகவும் ஆக்குமாறு இறைவனிடம் துஆச் செய்தார்கள். நேசத்தையும் ஆரோக்கியத்தையும் ஒரே துஆவில் சேர்த்துக் கேட்டார்கள் என்பது கவனத்திற்குரியது.

துஆவுடன் உழைப்பும் சேர்ந்தது. தங்கள் பேரீச்சந் தோப்புகளை முஹாஜிர்களுக்குப் பங்கிட்டுத் தருவதாக அன்ஸார்கள் முன்வந்தபோது, அதனை நபி (ஸல்) அவர்கள் ஏற்கவில்லை. தோட்ட வேலையில் முஹாஜிர்கள் பங்கெடுத்துக்கொள்வது, விளைச்சலில் இருவரும் பங்கு கொள்வது என்று முடிவாயிற்று. வணிகத்தில் கைதேர்ந்த மக்காவாசிகள் இவ்வாறு மதீனாவின் மண்ணில் இறங்கினர். அந்நிய ஊர் சொந்த ஊராக மாறியதில் அத்தோட்ட வேலைக்கும் பங்குண்டு என்றே நாம் கருதுகிறோம்.

அதன்பின் மதீனா புனித எல்லையாக அறிவிக்கப்பட்டது. அதன் இரு கருங்கல் வெளிகளுக்கு இடைப்பட்ட பகுதியில் மரங்களை வெட்டலாகாது, விலங்குகளை வேட்டையாடலாகாது. ஊரைச் சுற்றிலும் 12 மைல் அளவு ஹிமாவாக ஆக்கப்பட்டதென ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். மதீனாவில் மான்கள் மேய்வதைக் கண்டாலும் அவற்றை வெருட்டமாட்டேன் என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் கூறும் அளவிற்கு அக்கட்டளை மக்களின் மனத்தில் பதிந்திருந்தது.

நாயின் குரலே எல்லை

‘ஹிமா’ என்னும் சொல் இஸ்லாம் கொண்டுவந்த சொல் அன்று. அதற்கு முன்னரே அரபு மண்ணில் அது இருந்தது. ஆனால் அதன் முகம் வேறாக இருந்தது.

தஃக்லிப் கோத்திரத்தின் தலைவன் குலைப் என்பவனைப் பற்றி அரபு வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கின்றனர். மழை பெய்து புல் தழைத்த இடத்தைக் கண்டால், அவன் தன் நாய்க்குட்டியை அங்கே கொண்டுபோய்க் குரைக்க விடுவானாம். அக்குரல் எட்டும் தூரம் வரை அவனுடைய ஹிமா. அதற்குள் வேறெவரும் கால்நடையை மேய்க்கக் கூடாது. அவனோ தன் ஹிமாவில் மட்டுமன்றிப் பிறருடன் பொது நிலத்திலும் மேய்த்துக்கொள்வான். குலைப் என்னும் பெயரே ‘நாய்க்குட்டி’ என்ற பொருளில் அவனுக்கு ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர்தான்.

ஒருநாள் பஸூஸ் என்னும் பெண்மணியின் அடைக்கலத்தில் இருந்த ஒட்டகம் ஒன்று அவ்வெல்லைக்குள் நுழைந்தது. குலைப் அதன் மடியில் அம்பெய்தான். பஸூஸின் உறவினனும் குலைபின் சொந்த மைத்துனனுமான ஜஸ்ஸாஸ், அதற்குப் பழிதீர்க்கக் குலைபைக் கொன்றான். அதிலிருந்து மூண்ட போர் 40 ஆண்டுகள் நீடித்ததாகக் கூறுவர். பக்ர், தஃக்லிப் என்னும் இரு சகோதரக் கோத்திரங்கள் அதில் சீரழிந்தன. ‘பஸூஸ் போர்’ என்று வரலாறு அதனைக் குறிக்கிறது.

அல்லாஹ் படைத்த புல்லையும் நீரையும் ஒருவன் தன் வலிமையால் வளைத்துக்கொண்டால் என்ன நேரும் என்பதற்கு அப்போர் சாட்சியாக நிற்கிறது.

பொது நலனுக்கான காவல்

நபி (ஸல்) அவர்கள் இவ்வழக்கத்தை அடியோடு மாற்றினார்கள். தனியொருவர் தமக்கென ஹிமா அமைத்துக்கொள்ளும் உரிமை நீக்கப்பட்டது. அவ்வுரிமை அல்லாஹ்வுக்கும் அவனுடைய தூதருக்குமே உரியது என அறிவிக்கப்பட்டது. மதீனாவை அடுத்த ‘அந்நகீஃ’ என்ற புல்வெளியை, முஸ்லிம்களின் பொதுக் குதிரைகளுக்காக அவர்கள் ஹிமாவாக ஆக்கினார்கள்.

இங்கு நுட்பமான செய்தி ஒன்றுண்டு. குலைபின் ஹிமா கொடுமையானது என்பதற்காக, ‘இனி எல்லையே வேண்டாம், யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் மேய்த்துக்கொள்ளட்டும்’ என்று நபி (ஸல்) அவர்கள் விட்டுவிடவில்லை. எல்லையை வைத்தார்கள், அதன் உரிமையாளரை மாற்றினார்கள். ஒருவனுக்காக இருந்த காவல் ஊருக்கான காவலாயிற்று.

ஹுனைக்கு இட்ட கட்டளை

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலம் கி.பி. 634 முதல் 644 வரை. அக்காலத்தில் ரபதா, ஸரஃப் ஆகிய இடங்களும் ஹிமாவாக ஆக்கப்பட்டன. ஜகாத்தாக வந்த ஒட்டகங்களும், அறப்போருக்குரிய வாகனப் பிராணிகளும் மேய்வதற்கு இடம் வேண்டியிருந்தது. ஹிமாவின் காவலராக ஹுனை என்பவரை உமர் (ரலி) அவர்கள் நியமித்தார்கள். இவர் உமர் (ரலி) அவர்களால் விடுதலை செய்யப்பட்ட அடிமை.

அவருக்கு உமர் (ரலி) அவர்கள் கூறிய அறிவுரை ஸஹீஹுல் புகாரியிலும் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவிலும் இடம்பெற்றுள்ளது. அதன் கருத்தை இங்குச் சுருக்கித் தருகிறோம்.

மக்களிடம் பணிவுடன் நடந்துகொள்ள வேண்டும்; அநீதி இழைக்கப்பட்டவனின் பிரார்த்தனைக்கு அஞ்ச வேண்டும். சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே வைத்திருக்கும் ஏழையை உள்ளே அனுமதிக்க வேண்டும். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப், உஸ்மான் இப்னு அஃப்பான் ஆகியோரின் மந்தைகளை உள்ளே விடலாகாது. அவர்களின் கால்நடைகள் மடிந்துபோனால், பிழைக்க அவர்களுக்குப் பேரீச்சந் தோப்பும் பயிர்நிலமும் உண்டு. ஏழையின் கால்நடை மடிந்தாலோ, அவன் பிள்ளைகளுடன் கலீஃபாவின் வாசலில் வந்து நிற்பான். அவனைக் கைவிட முடியாது. அப்போது பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிட, இப்போது புல்லும் தண்ணீரும் கொடுப்பது எளிது.

இவ்வறிவுரையில் குறிப்பிடப்படும் இருவரும் யாவர்? சுவனத்திற்கு நன்மாராயம் பெற்ற பத்துப் பேரில் இருவர்; மார்க்கத்திற்காகச் செல்வத்தை வாரி வழங்கியவர்கள்; கலீஃபாவின் நெருங்கிய தோழர்கள். அவர்களின் சிறப்பில் எவருக்கும் ஐயமில்லை. ஆயினும் பொது நிலம் என்று வந்தபோது, செல்வருக்கு மாற்று வழி உண்டு, ஏழைக்கு இல்லை என்ற ஒரே அளவுகோலைக் கலீஃபா கையில் எடுத்தார்கள். அக்கட்டளையை நிறைவேற்றும் பொறுப்பையோ, முன்னாளில் அடிமையாக இருந்த ஒருவரிடம் ஒப்படைத்தார்கள்.

அத்துடன் அவர்கள் நிறுத்தவில்லை. இந்நிலம் இவ்வூர் மக்களுடையதே. அறியாமைக் காலத்தில் இதற்காகப் போரிட்டவர்கள் அவர்கள். நாம் அவர்களுக்கு அநீதி இழைத்ததாகவும் அவர்கள் எண்ணக் கூடும். பொதுத் தேவை மட்டும் இல்லையென்றால், அவர்களின் நிலத்தில் ஒரு சாண் அளவும் காவலுக்குள் கொண்டுவந்திருக்க மாட்டேன் என்ற கருத்தில் கூறி முடித்தார்கள். பொது நலனுக்காக வேலி போடும்போதும் அதிகாரத்தில் இருப்பவருக்கு இந்த அச்சம் இருக்க வேண்டும்.

சட்டமும் வழக்கமும்

பின்வந்த அறிஞர்கள் இம்முன்மாதிரிகளைச் சட்டமாக வகுத்தனர். ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) மறைந்த இமாம் மாவர்தி (ரஹ்) அவர்கள், ‘அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா’ என்னும் நூலில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார்கள். ஹிமா அனைவருக்கும் என்றால், செல்வர், ஏழை, முஸ்லிம், முஸ்லிமல்லாத குடிமக்கள் என எல்லோரும் அதில் சமம். ஏழைகளுக்கு மட்டும் என ஒதுக்கலாம். ஏழைகளை விலக்கிச் செல்வருக்கு மட்டும் ஒதுக்குதல் கூடாது. இதுவே அவர்கள் தரும் தீர்ப்பின் சாரம்.

காலப்போக்கில், அரேபிய மலைநாட்டின் ஊர்களும் கோத்திரங்களும் தத்தமக்கென ஹிமாக்களை அமைத்து, தாமே கூடி நிர்வகித்தன. எகிப்தைச் சேர்ந்த மேய்ச்சல்நில அறிஞர் உமர் தர்ராஸ், ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் சார்பில் இவற்றை ஆராய்ந்து 1969இல் வெளியிட்ட அறிக்கையால் உலகம் இவற்றைப் பற்றி அறிந்தது. அவற்றில் ஐந்து வகைகள் காணப்பட்டன.

முதல் வகையில் மேய்ச்சல் அறவே கூடாது; பஞ்ச காலத்தில் மட்டும் குறிப்பிட்ட அளவு புல்லைக் கையால் அறுத்துக்கொள்ளலாம். இரண்டாவது வகையில் குறிப்பிட்ட பருவங்களில் மட்டும் மேய்ச்சலுக்கு அனுமதி. மூன்றாவது வகையில் ஆண்டு முழுதும் மேய்க்கலாம். ஆனால் கால்நடையின் இனத்திற்கும் எண்ணிக்கைக்கும் வரம்புண்டு. நான்காவது வகை தேனீக்களுக்கானது. பூக்கும் பருவம் முடியும்வரை அங்கே ஆடு மாடு நுழையலாகாது. ஐந்தாவது வகை மரங்களுக்கானது; ஊரின் பொதுத் தேவைக்கோ ஏழையின் இடருக்கோ அன்றிக் கோடரி அங்கே செல்லாது.

தேனீக்கு ஓர் ஒதுக்கிடம்! அவ்வூரார் பூவின் பருவம் அறிந்திருந்தனர். மழையின் அளவும் புல்லின் உயரமும் அறிந்திருந்தனர். யார் வீட்டு ஆடு எத்தனை என்பதும் அவர்களுக்குத் தெரியும். நிலத்தைக் காக்க ஊர் கூடியது; கூடிக் காத்ததால் ஊர் ஊராக இருந்தது. நம் தமிழகத்துக் கிராமங்களில் முன்னோர் ஏரியைக் குடிமராமத்தாகத் தூர்வாரியதும், மந்தைவெளியைப் பொதுவில் விட்டுவைத்ததும் இதே அறிவின் பாற்பட்டவையே.

வேலி விழுந்த ஆண்டு

1953இல் சவூதி அரேபியாவில் அரசாணை ஒன்று பிறந்தது. கோத்திரங்களின் தனிக் காவல்கள் நீக்கப்பட்டன. மேய்ச்சல் நிலம் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. ஊருக்கு ஊர் இருந்த வேலி நீங்கினால் மக்கள் ஒன்றுபடுவர் என்னும் நோக்கத்தில் குறை காண இயலாது. ஆனால் விளைவு வேறாயிற்று.

ஊரார் காத்த நிலம் எல்லோருக்கும் உரியதானபோது, அதைக் காப்பது எவருடைய கடமையும் அன்று என்றாயிற்று. ‘நான் மேய்க்காவிட்டால் வேறொருவன் மேய்ப்பான்’ என்ற எண்ணம் வந்தது. லாரிகளில் தண்ணீரும் தீவனமும் வந்தன. மழை பெய்த இடத்தைத் தேடி மந்தைகள் விரைந்தன. புல் விதை போடும் முன்பே வேரோடு மேயப்பட்டது. மரங்கள் விறகாகவும் கரியாகவும் போயின. 1960களில் அந்நாட்டில் சுமார் 3000 ஹிமாக்கள் இருந்ததாக ஒரு மதிப்பீடு உண்டு. பின்னாளில் எஞ்சி நின்றவை மிகச் சிலவே.

குலைபின் நாய் ஒருவிதத்தில் நிலத்தைக் கெடுத்தது. காவலற்ற பொதுவுடைமை மற்றொரு விதத்தில் கெடுத்தது. ஹுனையின் காவலோ இவ்விரண்டிற்கும் நடுவழி. நாம் இவ்வரலாற்றிலிருந்து பெறும் பாடம் இதுவே.

மீண்டும் துளிர்த்த புல்

இக்கதை துயரத்துடன் முடியவில்லை, அல்ஹம்து லில்லாஹ். உமர் தர்ராஸ் அவர்களின் முயற்சியால், 1960களின் பிற்பகுதியில் சிரியாவின் பாலைப் புல்வெளிகளில் ஹிமா முறையைத் தழுவிய கூட்டுறவுச் சங்கங்கள் தொடங்கின. 1983இல் சவூதி அரசின் துணையுடன், இயற்கைப் பாதுகாப்புக்கான இஸ்லாமியக் கோட்பாடுகளைப் பற்றி உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் ஒரு நூல் வெளியிட்டது. ஹிமா அதில் இடம்பெற்றது.

லெபனான் நாட்டில் 2004ஆம் ஆண்டு முதல், இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று ஊராட்சிகளுடன் சேர்ந்து ஹிமாவை உயிர்ப்பித்தது. ஆப்பிரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே வலசை போகும் நாரைகளும் கூழைக்கடாக்களும் கடக்கும் நாடு அது. பிகாஃ சமவெளியில் உள்ள கஃபர் ஸபத் என்னும் ஊரின் சதுப்பு நிலம் அவ்வாறு காவலுக்குள் வந்தது. முஸ்லிம் ஊர்களும் கிறிஸ்தவ ஊர்களும் இச்சொல்லைத் தயக்கமின்றி ஏற்றன. அந்நாட்டில் ஹிமாக்களின் எண்ணிக்கை 30ஐக் கடந்துள்ளது.

ஜோர்தான் நாட்டில், ஸர்கா ஆற்றுப் பகுதியில் பனீ ஹாஷிம் என்ற கிராமம் உள்ளது. 2010க்குப் பிந்தைய ஆண்டுகளில், வறண்டு கிடந்த சுமார் 100 ஹெக்டேர் நிலத்தை அவ்வூரார் அரசின் இசைவுடன் ஹிமாவாக ஏற்றனர். மேய்ச்சலைச் சிறிது காலம் தாமே நிறுத்திவைத்தனர். மண்ணுக்குள் உறங்கிய விதைகள் முளைத்தன. மருந்துக்குப் பயன்படும் ‘ஷீஹ்’ போன்ற மூலிகைகள் திரும்பின. அவற்றைப் பறித்துப் பயன்கொள்வதில் அவ்வூர்ப் பெண்களும் பங்கேற்றனர். எவரும் கோடி கோடியாகக் கொட்டி அங்கே காடு வளர்க்கவில்லை. ஊர் கூடிப் பொறுத்திருந்தது. நிலம் தானே எழுந்தது.

உடலுக்கும் உள்ளத்திற்கும்

‘புல்லும் மரமும் கால்நடைக்கு வேண்டும், நகரவாசிகளாகிய நமக்கு எதற்கு?’ என்று எவரேனும் வினவக் கூடும்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில், 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை ராஜர் உல்ரிச் என்னும் அறிஞர் ஆராய்ந்தார். அவர்களில் 23 பேரின் ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன. மற்ற 23 பேருக்குச் செங்கல் சுவர் தெரிந்தது. மரங்களைக் கண்டவர்கள் விரைவில் வீடு திரும்பினர். கடும் வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. 1984இல் ‘சயின்ஸ்’ இதழில் இவ்வாய்வு வெளிவந்தது. ஜன்னல் வழியே பார்ப்பதிலேயே இத்தனை நலம் என்றால், நட்டு, நீரூற்றி, அதன் நிழலில் நால்வரோடு அமர்ந்து பேசுவதில் எவ்வளவு நலம் இருக்கும்!

இது நமக்குப் புதிய செய்தி அன்று. நபி (ஸல்) அவர்கள் அவ்வப்போது ஊருக்கு வெளியே நீரோடைகளின் பக்கம் சென்று வருவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். பள்ளிவாசலுக்கு எதிரே இருந்த அபூதல்ஹா (ரலி) அவர்களின் ‘பைருஹா’ தோட்டத்திற்குள் நுழைந்து, அதன் இனிய நீரை அருந்துவதும் அவர்களின் வழக்கம். தம் செல்வங்களில் தமக்கு மிகவும் பிரியமான அத்தோட்டத்தை அபூதல்ஹா (ரலி) அவர்கள் பின்னர் தர்மமாக வழங்கினார்கள். உம்மத்தின் சுமையெல்லாம் தாங்கிய தலைவரே ஓடைக்கரைக்கும் தோட்டத்திற்கும் நேரம் ஒதுக்கினார்கள் என்றால், கடைக்கும் வீட்டுக்கும் தொலைக்காட்சிக்கும் இடையே உழலும் நாம் எம்மாத்திரம்?

நமதூரின் மனை

இனி, நமது மையவாடிக்கு வருவோம். ரமளானுக்கு முன்பு நம் வாலிபர்கள் பதினைந்து பேர் இரு வெள்ளிக்கிழமைகளில் அம்மனையின் சீமைக்கருவேல முட்களை வெட்டி அகற்றினர். அன்று மாலை ஒரு பெரியவர், தம் தாயாரின் கபுரை முட்புதர் விலகிக் கண்டதாகக் கூறிக் கண் கலங்கினார். அதன்பின் நாள்தோறும் ஃபஜ்ருக்குப் பின் அவர் அங்கே சென்று, தாமே நட்ட இரு மரக்கன்றுகளுக்கு நீர் ஊற்றுகிறார். மூட்டுவலி குறைந்துவிட்டது என்கிறார். வலி குறைந்ததா, தனிமை குறைந்ததா என்று நாம் கேட்கவில்லை.

தீர்ப்பு பொதுக்குழுவிற்கு உரியது. எனினும் ஹிமாவின் வரலாறு நம்மிடம் மூன்று கேள்விகளை வைக்கிறது. இம்மனையால் பயன்பெறுவோர் யார்? கடையை வாடகைக்கு எடுக்கும் வசதியுள்ள சிலரா, நிழல் தேடி வரும் எல்லோருமா? இதன் எல்லையைக் காப்பவர் யார்? நம்முள் ஹுனை ஒருவர் உண்டா? வருவாய் தேடுவதற்கு வேறு வழி நமக்கு இல்லையா? உமர் (ரலி) அவர்களின் அளவுகோல் இதுவே: மாற்று வழி உள்ளவர் விலகி நிற்கட்டும், மாற்று வழி இல்லாதது காக்கப்படட்டும்.

பள்ளியின் வருவாய்க்குச் சாலையோரத்தில் மரமில்லாத பகுதி இருக்கிறது. அங்கே இரண்டு கடைகள் எழுந்தாலும் பெரும்பாலான மரங்கள் பிழைக்கும். எஞ்சிய பகுதியை நமதூரின் ஹிமாவாக அறிவித்து, தெருவுக்கு ஒருவராகக் காவல் குழு அமைத்து, மக்தப் மாணவர் ஒவ்வொருவரிடமும் ஒரு கன்றை ஒப்படைக்கலாம். கபுர்களுக்கு இடையூறு நேராதபடி நடைபாதையும், பெரியவர்கள் அமரத் திண்ணையும் அமைக்கலாம். இது நமது யோசனை மட்டுமே. இதைவிடச் சிறந்தது எவரிடமிருந்து வந்தாலும் மகிழ்வுடன் ஏற்போம்.

ஹவுளின் அருகே வெட்டுண்ட மரத்திற்கு ஈடாக, நமது சொந்தச் செலவில் ஒரு வேப்பங்கன்றை முற்றத்தில் நட நிர்வாகத்தாரின் அனுமதி கோரியுள்ளோம். சருகு விழுந்தால் காலையில் கூட்டி அள்ளும் பொறுப்பும் நம்முடையதே.

காய்ச்சலூரை நலமூராக்கிய இறைவன், நமதூரையும் நமக்கு நேசத்திற்குரியதாகவும் ஆரோக்கியமானதாகவும் ஆக்குவானாக! நமக்குப் பின் வருவோர் நம்மை நினைத்து ஒரு துஆச் செய்யும் அளவிற்கேனும் நிழலை விட்டுச்செல்ல நல்லருள் புரிவானாக! ஆமீன்.